வேண்டுமென்றே போனை மெதுவாக்குகிறார்களா?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. அப்பாவுக்கு மூன்று வருடம் முன்பு பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். 64 ஜிபி மாடல். முதல் வருடம் நன்றாக ஓடியது. இப்போது வாட்ஸ்அப் திறக்கவே நேரம் எடுக்கிறது, போன் பேச எடுத்தால் திரை கறுப்பாக நிற்கிறது. போன மாதம் ஒரு அப்டேட் போட்டதும் நிலைமை இன்னும் மோசம். கடையில் காட்டினால் "இதோட லைஃப் அவ்வளவுதான் சார், புதுசு எடுத்துடுங்க" என்கிறார்கள். பழைய பல்பு கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து பல்பின் ஆயுளைக் குறைத்த கதையையும் சொல்லி, போன் கம்பெனிகளும் அதைத்தான் செய்கிறார்களா, அப்டேட் போடாமல் விட்டால் தப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. நான் ஏமாற்றப்படுகிறேனா, இல்லை மறுபடி பன்னிரண்டாயிரம் எடுத்து வைப்பதுதான் நியாயமா என்பதே அது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, கீபேட் போன் காலத்திலிருந்து சர்வீஸ் கடை நடத்துகிறேன். ஆகவே போனைப் பிரித்தால் உள்ளே என்ன தெரிகிறது, மீட்டர் என்ன காட்டுகிறது, வாடிக்கையாளர்கள் எந்தக் குறையோடு திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கம்பெனியின் மீட்டிங் அறையில் என்ன பேசினார்கள் என்பது மைக்ரோஸ்கோப்பில் தெரியாது. அந்த விஷயத்தில் நீதிமன்றத்துக்கும் அரசு விசாரணைக்கும் வந்ததை மட்டும் வைத்துப் பேசுகிறேன். மெதுவாவது உண்மை. அதில் பெரும்பகுதிக்குச் சதி தேவையில்லை, பேட்டரியும் மெமரியும் மென்பொருளின் எடையுமே போதும். ஆனால் கம்பெனிகள் மேல் உங்களுக்கு வந்த கோபம் தப்பில்லை. அது போக வேண்டிய இடம்தான் வேறு.

முதலில் நிரூபணமான ஒன்று. ஐபோனை இயக்கும் மென்பொருளுக்கு ஐஓஎஸ் என்று பெயர். 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 அப்டேட்டில், பேட்டரி பழசான ஐபோன் 6, 6எஸ், எஸ்இ மாடல்களின் பிராசசர் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு ஒன்றை ஆப்பிள் சேர்த்தது. போன் திடீரென்று அணைந்துபோவது இந்த அப்டேட்டால் குறைந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள், எப்படிக் குறைந்தது என்று சொல்லவில்லை. அந்த வருடம் டிசம்பரில், கீக்பெஞ்ச் என்ற வேகச் சோதனை மென்பொருளை உருவாக்கிய ஜான் பூல், பழைய ஐபோன்களின் மதிப்பெண்களை ஐஓஎஸ் பதிப்புவாரியாக வரைபடம் போட்டுக் காட்டினார். ஒரே மாடல் போன்கள் பல வேகங்களில் கூட்டம் கூட்டமாக நின்றன. இரண்டு நாளில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. மாதம் முடிவதற்குள் மன்னிப்பும் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக இறக்கியது. 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் நுகர்வோர் துறை 25 மில்லியன் யூரோ அபராதம் போட்டது. அதே வருடம் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தவர்களோடு அதிகபட்சம் 500 மில்லியன் டாலர் வரை தருவதாகச் சமரசம் ஆனது.

இந்த வழக்கைச் சொல்பவர்கள் பலரும் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். பிரான்ஸில் அபராதம் விழுந்தது, வேகம் குறையும் என்பதை வாங்கியவரிடம் சொல்லாமல் மறைத்ததற்காக. பேட்டரி நைந்த போன் பாதிப் பேச்சில் அணைந்து போவதைவிட மெதுவாக ஓடுவது மேல் என்பது ஒரு இன்ஜினியரின் பார்வையில் ஏற்கக்கூடிய முடிவுதான். ஆனால் "பேட்டரியை மாற்றினால் பழைய வேகம் வரும்" என்ற ஒரு வரியைச் சொல்லியிருந்தால், எத்தனையோ பேர் புது ஐபோன் வாங்கியிருக்க மாட்டார்கள். 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 10 மில்லியன் யூரோவும் சாம்சங்குக்கு 5 மில்லியன் யூரோவும் அபராதம் விதித்தது. சாம்சங் விஷயம் உங்கள் அப்பா போனுக்கு இன்னும் நெருக்கமானது. நோட் 7க்காகத் தயாரான ஆண்ட்ராய்டு பதிப்பை, பழைய நோட் 4 வைத்திருந்தவர்களும் போடும்படி வற்புறுத்தியதே குற்றச்சாட்டு. புது வன்பொருளை மனதில் வைத்து எழுதிய மென்பொருளைப் பழைய வன்பொருளின் தலையில் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அரசு முத்திரையோடு கிடைத்த சாட்சி அது.

பல்புக் கதையும் உண்மைதான். ஃபீபஸ் என்ற கூட்டமைப்பை 1924இல் பல்பு கம்பெனிகள் உருவாக்கி, ஆயுளை 1,000 மணி நேரம் என்று வரையறுத்து, அதற்கு மேல் எரியும் பல்பு செய்த உறுப்பினருக்கு அபராதமும் போட்டன. ஆனால் நீண்ட நாள் எரியும் இழை பல்பு அதே மின்சாரத்துக்குக் குறைவான வெளிச்சம்தான் தரும் என்பதும் இயற்பியல். கதையை இணையத்தில் சொல்பவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இனி மேஜைமேல் கிடக்கும் போனுக்கு வருவோம். லித்தியம் அயான் பேட்டரி பழசாகும்போது இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று எல்லோருக்கும் தெரியும், கொள்ளளவு குறையும், காலையில் போட்ட சார்ஜ் மாலை வரை நிற்காது. மற்றது கண்ணுக்குத் தெரியாது, பேட்டரியின் உள்தடை ஏறும். கிராமத்தில் கம்ப்ரசர் மோட்டாரைப் போட்டதும் வீட்டு பல்பு ஒரு நொடி மங்குமே, அதே சங்கதி. கேமராவைத் திறந்ததும் பிராசசர் சட்டென்று அதிக மின்னோட்டம் கேட்கும், உள்தடை ஏறிய பேட்டரியில் அந்த நொடியில் வோல்ட்டேஜ் சரிந்துவிடும். பாகங்களுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சிப்பான பவர் ஐசிக்குத் தேவையான அளவுக்குக் கீழே போனால் போன் அணையும். 30 சதவீதம் காட்டிக்கொண்டே ஸ்விட்ச் ஆஃப் ஆகிறது, சார்ஜரில் போட்டால் 28 என்று எழுந்து வருகிறது என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் போனைத் திறக்காமலேயே பேட்டரி என்று சொல்லிவிடலாம். ஐபோனில் இதுதான் வேகக் குறைப்பாக மாறியது. விலை குறைந்த ஆண்ட்ராய்டுகளில் நான் பார்த்தவரை நைந்த பேட்டரி பெரும்பாலும் அணைவதாகவும் சூடாகவும்தான் வெளிப்படுகிறது. ஆனால் சூடு ஏறினால் எந்த போனும் பிராசசரின் வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும், ஆகவே சுற்றி வந்து மெதுவாவதில்தான் முடியும்.

நம் ஊரில் இந்த நைவு சீக்கிரமே வருவதற்குக் காரணம் வெயில். சுற்றுப்புறம் 35 டிகிரிக்குள் இருக்கும்போது பயன்படுத்துங்கள் என்று ஆப்பிள் தன் போன்களுக்குச் சொல்கிறது. சென்னையிலும் வேலூரிலும் மே மாதம் நிழலிலேயே 40ஐத் தாண்டும். அதில் பைக் ஹேண்டிலில் மாட்டி மேப் போட்டுக்கொண்டு, சார்ஜும் ஏற்றிக்கொண்டு ஓடும் டெலிவரி பையன்களின் போன் பேட்டரி உப்பிக்கொண்டு பின் மூடியைத் தள்ளி நிற்கும். வீட்டிலேயே இருக்கும் போன் அவ்வளவு மோசமாகாது என்று நினைப்போம். தலையணைக்கு அடியில் வைத்து ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடுவதும், தடித்த ரப்பர் கவரோடு வீடியோ காலில் பேசிக்கொண்டே சார்ஜ் ஏற்றுவதும் அதே வேலையைத்தான் செய்கின்றன. நூறு சதவீதச் சார்ஜோடு சூட்டில் கிடப்பதுதான் இந்த ரசாயனத்துக்கு ஆகாதது. 80 வந்ததும் நிறுத்தும் வசதி செட்டிங்ஸில் இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அதற்காக அலாரம் வைத்து எழுந்து கஷ்டப்பட வேண்டாம், கவரைக் கழற்றிவிட்டுச் சார்ஜ் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

ஆனால் உங்கள் அப்பா போனைப் பற்றிச் சொன்ன அடையாளங்களைப் பார்த்தால் என் முதல் சந்தேகம் பேட்டரி அல்ல, மெமரி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடைகளில் இதை யாரும் விளக்குவதில்லை. போனின் சேமிப்பு ஃப்ளாஷ் மெமரியால் ஆனது. அதில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் நேரடியாக எழுத முடியாது, அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். சிக்கல் என்னவென்றால், எழுதுவது சிறு பக்கங்களாக நடக்கும், அழிப்பது பல பக்கங்கள் சேர்ந்த பெரிய தொகுதியாகத்தான் நடக்கும். காலி இடம் நிறைய இருக்கும்போது மெமரியின் கன்ட்ரோலர் புது இடத்தில் எழுதிவிட்டு, பழையதைச் சாவகாசமாக, நீங்கள் தூங்கும்போது சுத்தம் செய்துகொள்ளும். 64 ஜிபியில் 62 நிரம்பிவிட்டால் அந்தச் சாவகாசம் போய்விடும். ஒரு "குட் மார்னிங்" படம் வந்து விழுந்தால்கூட, முதலில் ஒரு தொகுதியில் இன்னும் தேவைப்படும் பக்கங்களை வேறிடத்துக்கு நகர்த்தி, தொகுதியை அழித்து, பிறகுதான் எழுத முடியும். அந்த நேரத்தில் நீங்கள் போன் ஆப்பைத் திறந்தால் அதுவும் வரிசையில் நிற்கும். கறுப்புத் திரை பெரும்பாலும் இந்த வரிசைதான்.

விலை குறைந்த போன்களில் இது இன்னும் உறைக்கக் காரணம் உண்டு. அவற்றில் பலவற்றில் இஎம்எம்சி வகை மெமரி இருக்கும். அது ஒரு நேரத்தில் படிக்கும் அல்லது எழுதும், இரண்டையும் சேர்த்துச் செய்யாது. விலை கூடிய போன்களில் இருக்கும் யூஎஃப்எஸ் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும், கட்டளைகளை முறைப்படுத்தியும் வாங்கிக்கொள்ளும். பெட்டியின் மேல் இரண்டுக்கும் "64 ஜிபி" என்றே அச்சடித்திருக்கும். வாங்குபவர் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிறாரே தவிர, இதைக் கேட்பவரை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

ஃப்ளாஷ் மெமரிக்கு ஆயுளும் உண்டு. ஒரு செல்லை இத்தனை ஆயிரம் முறைதான் அழித்து எழுதலாம் என்ற கணக்கு. இதற்குப் போனை விட்டுவிட்டு ஒரு காரை உதாரணம் காட்டலாம். 2021 பிப்ரவரியில் டெஸ்லா சுமார் 1,35,000 மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. காரின் நடுத்திரையை இயக்கிய கம்ப்யூட்டரில் இருந்தது 8 ஜிபி இஎம்எம்சி. மென்பொருள் ஓயாமல் பதிவுகளை எழுதிக்கொண்டே இருந்ததில், ஐந்தாறு வருடத்தில் அந்த மெமரி தேய்ந்து, பின்பக்கக் கேமராவே தெரியாமல் போனது. அவ்வளவு விலையுள்ள காரிலேயே இது நடந்திருக்கிறது என்றால் பன்னிரண்டாயிரம் ரூபாய் போனில் யாரும் அதிசயப்பட வேண்டாம். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைக்கு வரும் மெதுவான போன்களில் மெமரி தேய்ந்துபோனவை கொஞ்சம். மெமரி நிரம்பி வழிபவைதான் அதிகம். முதல் வகையைக் காப்பாற்றுவது கஷ்டம், இரண்டாம் வகைக்கு நீங்களே வைத்தியம் பார்க்கலாம்.

மூன்றாவது, மென்பொருளின் எடை. இதில் சதி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, அலட்சியம்தான் இருக்கிறது. ஆப் எழுதுபவர்கள் நல்ல போனில் சோதித்துப் பார்க்கிறார்கள். பணம் அனுப்ப மட்டும் இருந்த ஆப்பில் இன்று கடன், தங்கம், பஸ் டிக்கெட், விளையாட்டு, ஓடும் விளம்பரம் எல்லாம் ஏறிவிட்டன. ஆப்பின் பெயரும் சின்னமும் அதேதான், உள்ளே இருப்பது மூன்று வருடம் முந்தைய ஆப் அல்ல. போன் அதே 4 ஜிபி ரேமோடு நிற்கிறது. ரேம் என்பது சேமிப்பு மெமரி அல்ல, ஓடிக்கொண்டிருக்கும் ஆப்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம். ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் முதல் ஆப்பை ரேமிலிருந்து தூக்கிவிட வேண்டியிருக்கிறது. திரும்பி வரும்போது அதை மறுபடி மெமரியிலிருந்து படிக்க வேண்டும். அந்த மெமரிதான் மேலே சொன்னபடி மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. இந்தக் குறைகள் ஒன்றோடொன்று கூட்டுச் சேருவதால்தான், நேற்று வரை ஓடிய போன் திடீரென்று விழுந்துவிட்ட மாதிரி தெரிகிறது.

இந்த இடத்தில் இரண்டு பொருள்களின் மேல் எனக்கு எரிச்சல் உண்டு. ஒன்று "ரேம் கிளீனர்", "பூஸ்டர்" என்று வரும் ஆப்கள். ஆண்ட்ராய்டு தானே நன்றாகச் செய்யும் வேலையைக் கெடுத்து, நடுவில் விளம்பரமும் காட்டி, மூடிய ஆப்களை மறுபடி திறக்க வைத்து பேட்டரியையும் தின்னும். உங்கள் அப்பா போனில் இருந்தால் முதலில் அதைத் தூக்குங்கள். மற்றது, பெட்டியில் "4 ஜிபி கூட்டல் 4 ஜிபி ரேம்" என்று பெரிதாகப் போடுவது. அந்த இரண்டாவது நான்கு ரேமே அல்ல, சேமிப்பு மெமரியில் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்துவது. வேகமான யூஎஃப்எஸ் உள்ள போனில் பரவாயில்லை. நிரம்பி வழியும் இஎம்எம்சியில் அதைப் போட்டு வைத்தால் இருக்கிற சுமை கூடும். செட்டிங்ஸில் அதை அணைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், சில போன்களில் உடனே வித்தியாசம் தெரியும்.

அப்டேட் போடாமல் விடலாமா என்ற கேள்விக்கு, அப்டேட் என்று ஒரே பெயரில் வரும் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மாதா மாதமோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ வரும் பாதுகாப்பு அப்டேட் சின்னது, ஓட்டைகளை அடைப்பது. அதனால் போன் நிரந்தரமாக மெதுவாவதில்லை. ஆண்ட்ராய்டு 13இலிருந்து 14க்குப் போவது போன்ற பெரிய அப்டேட்தான் எடை கூடியது. அதைப் போட்ட முதல் இரண்டு மூன்று நாள் எந்த போனும் தடுமாறும், ஏனென்றால் பின்னணியில் ஆப்களைப் புதிதாகத் தயார்செய்து, படங்களைத் திரும்ப வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும். போனைச் சூடாக்கும், சார்ஜைத் தின்னும். இந்த நாட்களில்தான் "அப்டேட் போட்டேன், கெட்டுப்போச்சு" என்று கடைக்கு ஓடி வருகிறார்கள். ஒரு வாரம் கழித்தும் அப்படியே இருந்தால்தான் அதைக் குறை என்று எடுத்துக்கொள்வேன். உங்கள் விஷயத்தில் ஒரு மாதம் ஆகிவிட்டது, அதனால் இது வெறும் தொடக்கத் தடுமாற்றம் அல்ல. பெரிய அப்டேட்டுக்கு வன்பொருள் போதவில்லை, அல்லது அப்டேட் கோப்பு எடுத்துக்கொண்ட இடத்தால் ஏற்கெனவே நெருக்கடியில் இருந்த மெமரி முழுதாக நிரம்பிவிட்டது. இரண்டாவதுதான் அதிகம் நடப்பது.

பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் தவிர்க்காதீர்கள். அப்பாவின் போனில் வங்கி ஆப், யுபிஐ, ஓடிபி எல்லாம் இருக்கும். கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டில் ஆப்பை நிறுவும் கோப்பு) அனுப்பிப் பணத்தைச் சுருட்டும் கூட்டம் வயதானவர்களைத்தான் குறி வைக்கிறது. அந்தக் கோப்பை அழுத்துவது மனிதர் செய்யும் வேலை, அப்டேட் அதை முழுதாகத் தடுக்காது. ஆனால் ஓட்டை அடைபடாத போனில் சேதம் பெரிதாகும். அதோடு, ஆண்ட்ராய்டு மிகப் பழசாகிவிட்டால் ஆப்களே கைவிட்டுவிடும். 2023 அக்டோபரில் வாட்ஸ்அப் ஆண்ட்ராய்டு 5க்குக் கீழ் உள்ள போன்களை விட்டது. அப்டேட்டே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தால் கடைசியில் வந்து நிற்பது அந்த இடத்தில்தான்.

சந்தேகத்துக்குரிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இதோடு சேர்த்துக் கேட்பார்கள். அப்டேட் போட்டதும் ஆமோலெட் திரையில் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடு விழுவது. இந்தியாவில் இந்தப் புகார் வெள்ளமாக வந்து, சில கம்பெனிகள் குறிப்பிட்ட மாடல்களுக்கு இலவசமாகத் திரை மாற்றிக்கொடுத்ததும் உண்மை. பிரித்துப் பார்த்தால், திரையின் கண்ணாடியோடு ஃப்ளெக்ஸ் கேபிள் ஒட்டும் இடத்தில் தொடர்பு விட்டுப்போனதாகவே தெரிகிறது. அது வன்பொருள் பிழை, மென்பொருள் கோடு போடாது. அப்டேட் நேரத்தில் ஏறும் சூடு, ஏற்கெனவே பலவீனமாக இருந்த அந்த இணைப்பு விட்டுப்போகச் செய்திருக்கலாம் என்பது எங்கள் தொழிலில் பலர் சொல்லும் விளக்கம், எனக்கும் அது பொருத்தமாகப் படுகிறது. ஆனால் அதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அப்டேட் போடாத போன்களிலும் கோடு விழுந்து பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் கோபத்துக்கு வருகிறேன். போனை மெதுவாக்க மென்பொருளில் ரகசியமாக ஒரு வரி எழுத வேண்டிய அவசியம் கம்பெனிக்கு இல்லை, காலமே அதைச் செய்துவிடும். காலம் செய்ததைச் சரிசெய்ய முடியாமல் வைப்பதில்தான் காசு இருக்கிறது. நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரி நினைவிருக்கிறதா? ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை ஓடிய காலத்தில் பெட்டிக்கடையில்கூடக் கிடைத்தது. மூடியை நகத்தால் தள்ளி, எடுத்துப் போட்டுக்கொள்வோம். இன்றும் சின்ன எஃப்எம் ரேடியோக்களில் அந்த அளவு பேட்டரிதான் ஓடுகிறது. இன்றைய போனில் பேட்டரியை மாற்ற வேண்டுமானால் பின் மூடியைச் சூடு காட்டிப் பிரிக்க வேண்டும், பசையோடு மல்லுக்கட்டிப் பேட்டரியை வளைக்காமல் எடுக்க வேண்டும். வளைந்தால் தீப்பிடிக்கலாம். தண்ணீர் புகாமல் இருக்கப் பசை வேண்டும் என்பதில் உண்மை உண்டு. ஆனால் தண்ணீர்த் தாங்கும் சான்றே இல்லாத மலிவு போன்களிலும் அதே பசைதான்.

அடுத்தது, பாகங்களைப் போர்டோடு எண் வைத்துப் பிணைப்பது. ஒரே மாடல் இரண்டு போன்களின் அசல் டிஸ்ப்ளேக்களை ஒன்றுக்கொன்று மாற்றினால்கூட, "இது அசல் பாகம் அல்ல" என்று போன் எச்சரிக்கும், சில வசதிகள் வேலை செய்யாது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று வாடிக்கையாளர் நினைப்பார். எங்களிலும் காப்பி பாகத்தை ஒரிஜினல் என்று தலையில் கட்டுபவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. அவர்களைப் பிடிக்க இந்தப் பூட்டு உதவுவதைவிட, நேர்மையாக ரிப்பேர் செய்பவரை முடக்கவே அதிகம் உதவுகிறது என்பது என் கருத்து. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் 2024இல் இதற்கு எதிராகவே சட்டம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்கும் போன்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் ஐந்து வருடம் மென்பொருள் அப்டேட்டும் ஏழு வருடம் உதிரிபாகமும் தர வேண்டும். 2027 பிப்ரவரி முதல், பயன்படுத்துபவரே சாதாரணக் கருவியால் கழற்றும்படி பேட்டரி இருக்க வேண்டும் என்ற விதி வருகிறது, சில விலக்குகளோடு. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்காக ஒரு தளம் தொடங்கியது. கம்பெனிகளின் சர்வீஸ் விவரம், உதிரிபாக விவரம் அங்கே பார்க்கலாம். ஐரோப்பா போலக் கட்டாயப்படுத்தும் சட்டம் இங்கே இன்னும் இல்லை. போன் வாங்கும்போது கோபப்பட வேண்டிய இடம் இதுதான். மூன்று வருடத்தில் அந்த மாடலுக்குப் பேட்டரி கிடைக்குமா என்று கேளுங்கள், விற்பவர் முகத்தைப் பாருங்கள்.

அப்பா போனுக்கு நான் செய்வது இதுதான். முதலில் செட்டிங்ஸில் சேமிப்பைப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு ஜிபியாவது காலியாக இல்லையென்றால் வாட்ஸ்அப்பிலிருந்து தொடங்குங்கள். அதற்குள்ளேயே சேமிப்பை நிர்வகிக்கும் பக்கம் இருக்கிறது, எந்தக் குரூப் எத்தனை ஜிபி தின்கிறது என்று வரிசையாகக் காட்டும். குடும்பக் குரூப், கோயில் குரூப், பழைய ஆபீஸ் குரூப் மூன்றிலும் வந்த அதே வீடியோ மூன்று தரம் இருக்கும். பேரப்பிள்ளை வீடியோவை மட்டும் முதலில் வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அது போனால் வீட்டில் வேறு பிரச்சினை வரும். மீடியா தானாக டவுன்லோட் ஆவதை நிறுத்துங்கள். பயன்படுத்தாத ஆப்களை நீக்கி, ஒரு ராத்திரி சார்ஜரில் போட்டு விடுங்கள், மெமரி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நேரம் வேண்டும். மறுநாள் காலை ஒரு ரீஸ்டார்ட்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் ஃபேக்டரி ரீசெட், அதாவது போனில் இருப்பதையெல்லாம் அழித்துப் புதிதாக வாங்கிய நிலைக்குக் கொண்டுவருவது. அதற்கு முன் அப்பாவின் கூகுள் கணக்கு எது, பாஸ்வேர்டு என்ன என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ரிக்கவரி மெனு வழியாக ரீசெட் செய்துவிட்டு, பழைய கணக்கின் பாஸ்வேர்டு தெரியாமல் பூட்டிக்கொண்ட போனோடு கடைக்கு வருகிறவர்கள் ஏராளம். அந்தப் பூட்டு திருடனுக்காக வைத்தது, மாட்டிக்கொள்வது சொந்தக்காரர். வாட்ஸ்அப் பேக்கப் இப்போது கூகுளின் இலவச 15 ஜிபிக்குள்தான் கணக்காகிறது, அங்கே இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரீசெட் முடிந்ததும் பழைய ஆப் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திரும்ப இறக்காதீர்கள். வெறும் போனாக ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். எதுவும் போடாத நிலையிலேயே திணறினால் மெமரியோ போர்டோ போய்விட்டது என்று பொருள். வெறும் போன் நன்றாக ஓடி, ஆப்களைப் போட்டதும் திணறினால் சிக்கல் மென்பொருளின் எடையில். வேகம் சரி, ஆனால் சார்ஜ் நிற்கவில்லை, திடீரென்று அணைகிறது என்றால் பேட்டரியை மாற்றுங்கள். இந்த விலைப் போன்களுக்குப் பொதுவாக ஆயிரம், ஆயிரத்தைந்நூறுக்குள் முடியும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் முதலில் விலை கேளுங்கள், சில சமயம் வெளிக் கடைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, பாகத்தின் தரத்துக்கு உத்தரவாதமும் கிடைக்கும். பின் மூடி லேசாக உப்பியிருந்தால் இந்தச் சோதனை எதையும் செய்ய வேண்டாம். சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு நேராகக் கடைக்குக் கொண்டு போங்கள்.

மெமரி தேய்ந்திருந்தால், அல்லது டிஸ்ப்ளே காம்போவும் (கண்ணாடியும் திரையும் சேர்ந்த பாகம்) பேட்டரியும் சேர்த்து மாற்ற வேண்டியிருந்தால், அந்தக் கடைக்காரர் சொன்னது சரி, அதில் காசைப் போடாதீர்கள். புதுசு வாங்கும்போது அப்பாவுக்குக் கேமரா எண்ணிக்கை எதற்கு? சேமிப்பு 128 ஜிபி இருக்கட்டும், யூஎஃப்எஸ் என்று விவரக்குறிப்பில் எழுதியிருக்கட்டும், நிஜ ரேம் 6 ஜிபி இருக்கட்டும், பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் என்று கம்பெனி எழுத்தில் சொல்லியிருக்கட்டும். கூகுள் பிக்சல் 8, சாம்சங் எஸ்24 வரிசைகளுக்கு ஏழு வருடம் என்று அறிவித்தார்கள், ஆனால் அவை விலை கூடியவை. உங்கள் பட்ஜெட்டில் நான்கு வருடம் எழுதித் தந்தாலே எடுத்துக்கொள்ளலாம்.